யாருடைய சித்தம்?

நம் ஊர்களில் துக்க வீட்டு முற்றத்தில் கால் வைத்தவுடன் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாம் கடவுள் சித்தம், நம்ம கையில என்ன இருக்கு?" பேரன் பேத்திகள் சூழ்ந்திருக்க, நோயிற்பூசுதல் பெற்று, தொண்ணூறு வயதில் அமைதியாகக் கண்மூடிய முதியவரின் வீட்டிலும் இதைச் சொல்கிறோம். குடித்துவிட்டு ஒருவன் ஓட்டிவந்த லாரியில் அடிபட்டு இருபது வயதில் மாண்டுபோன மகனின் வீட்டிலும் இதையே சொல்கிறோம். அந்த இரண்டு சாவுகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு! ஆயினும் நம் நாவுக்கு இரண்டும் ஒன்றே.

இருபத்தேழு ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நானும் இதை எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. விசுவாசம் நிறைந்த ஆறுதல் மொழி என்றே அதை எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் ஒரு நாள் என் பங்கு ஆலயத்திலேயே, மக்கள் முன்னிலையில் உடைந்தது. இங்கே நான் எழுதுவது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, ஊரறிய நடந்தது. ஊரையும் பேரையும் சொல்லாமல் விடுவது அந்தக் குடும்பத்தின் பொருட்டு; என்னை மறைத்துக்கொள்வதற்காக அன்று.

2002ஆம் ஆண்டு. எனக்கு வயது முப்பத்திரண்டு. தனிப் பொறுப்பேற்ற முதல் பங்கு அது. கரிசல் காட்டின் நடுவே, ஆறு கிளைக் கிராமங்களோடு இருந்தது. தவக்கால வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பிறகு, ஓர் இளம்பெண் பங்கு இல்லத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. கீழுதடு வீங்கியிருந்தது.

"தோத்திரம் சாமி. அவரு தினமும் குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு. நேத்து பிள்ளையையும் தூக்கி எறிஞ்சிட்டாரு. எங்க அம்மா வீட்டுக்குப் போயிரலாமான்னு இருக்கு. போனா பாவமா சாமி?"

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண் என்னிடம் பணம் கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்கவில்லை. கணவனைக் கண்டிக்கும்படிகூடக் கேட்கவில்லை. ஓர் இறையியல் கேள்வியைத்தான் கேட்டார். அதற்கு விடையும் எனக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் சட்டத்தைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனத்திலோ கடும் ஆபத்து விளைவிப்பவரைப் பிரிந்து செல்ல மற்றவருக்கு முறையான காரணம் உண்டு. தாமதம் ஆபத்தாகும் என்றால், ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தாமாகவே பிரிந்து செல்லலாம் என்கிறது அந்தச் சட்டம். திருமணப் பிணைப்பு அதனால் அறுந்துவிடுவதில்லை; ஆனால் அடிபட்டுச் சாக வேண்டும் என்ற கடமையும் இல்லை.

நான் சொன்னதோ வேறு. "பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. இது ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த சிலுவை. அவர் சித்தமில்லாமல் நமக்கு எதுவும் நேராது."

அந்தக் கணவனின் குடும்பம் திருவிழாவின் முதல் நாள் உபயம் செய்யும் குடும்பம். ஊரில் செல்வாக்குள்ள குடும்பம். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

அந்தப் பெண் இரண்டாம் முறையும் வந்தார். அதே அறிவுரையைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்தது கொடியேற்றத்திற்கு முந்திய நாள். பந்தலும் தேரும் ஒலிபெருக்கியுமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். "திருவிழா முடியட்டும், பிறகு வரச்சொல்லுங்கள்" என்று உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினேன். திருவிழா சிறப்பாக முடிந்தது. மறுவாரம் ஒரு விடியற்காலையில் சாவு மணி அடிக்கச் சொல்லி வந்தார்கள். "வழுக்கி விழுந்து ஆட்டுரலில் மண்டை அடித்துவிட்டது" என்றார்கள்.

அடக்கத் திருப்பலியில், தந்தவரும் ஆண்டவர், எடுத்துக்கொண்டவரும் ஆண்டவர் என்ற யோபுவின் பாடத்தை மையமாக வைத்து மறையுரை ஆற்றினேன். பெட்டியின் தலைமாட்டில் கணவன் கதறிக்கொண்டிருந்தான். "எல்லாம் கடவுள் சித்தம்!" என்று அவன் வாயிலிருந்தும் அதே வாக்கியம் வந்தது. அப்போது அந்தப் பெண்ணின் தாய் எழுந்து நின்றார். கோவிலுக்குள் உரத்துப் பேசிப் பழகாதவர். மெல்லத்தான் பேசினார்; ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"சாமி, கடவுள் மேல போடாதீங்க. தள்ளுனவன் இந்தா இருக்கான். மூணு தரம் திருப்பி அனுப்புன நீங்க இருக்கீக. வாழாவெட்டின்னு ஊரு சொல்லுமேன்னு பயந்து, 'இருந்து பாரு தாயி'ன்னு சொன்ன நான் இருக்கேன். இத்தன பேரு இருக்கையில கடவுள எதுக்கு இழுக்கீக?"

அன்று அந்தப் பெட்டி கல்லறைக்குப் போகவில்லை. அரசு மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைக் கூடத்திற்குப் போனது. பிறகு காவல் நிலையம், நீதிமன்றம் என்று எல்லாவற்றிற்கும் அந்தத் தாயே அலைந்தார். சட்டம் தன் கடமையைச் செய்தது. அந்தக் கணவன் சிறை சென்றான்.

என் வழக்கு அப்படி முடியவில்லை. அன்றிரவு குருமடத்துக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மறையுரையின் அடிப்படை சரிதானே? கடவுள் அனைத்தையும் ஆள்பவர் என்பது நம் விசுவாசம் அல்லவா? அவரன்றி ஓர் அணுவும் அசையாது என்பது நம் மக்கள் வழக்கும் அல்லவா? அப்படியானால் அந்தக் கை ஓங்கியபோது அதை அசைத்தது யார்? எழுத்தறியாத அந்தத் தாய் மறுத்துச் சொன்னது என் அறியாமையையா, திருச்சபையின் போதனையையா?

பல ஆண்டுகள் படித்தும் செபித்தும் நான் அறிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். அந்தத் தாய் மறுத்தது திருச்சபையின் போதனையை அன்று. அதை மறந்த ஒரு குருவை.

பாவத்தைக் கடவுள் மேல் ஏற்றுவது மனிதனின் மிகப் பழைய தந்திரம். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் செய்த முதற்காரியமே அதுதான். பெண்ணைக் குற்றம் சாட்டியதோடு நிற்கவில்லை; அந்தப் பெண்ணைத் தந்தவர் நீர்தானே என்று படைத்தவரையும் சேர்த்துக் குற்றம் சாட்டினான். சீராக்கின் ஞான நூல் 15ஆம் அதிகாரத்தில் இந்தத் தந்திரத்தை நேராகவே கண்டிக்கிறது: நான் விலகிப் போனதற்கு ஆண்டவரே காரணம் என்று சொல்லாதே, பாவம் செய்ய அவர் எவருக்கும் இசைவு தந்ததில்லை என்பது அதன் கருத்து.

புனித அகுஸ்தீனாருக்கும் இந்தச் சோதனை இருந்தது. இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயரோடு இருந்தார். பாவம் செய்வது நானல்ல, எனக்குள் இருக்கும் வேறொரு தீய இயல்பு என்று எண்ணுவது அப்போது தமக்கு இதமாக இருந்ததெனத் தம் அறிக்கை நூலில் ஒப்புக்கொள்கிறார். குற்றத்தைத் தீய சக்தி ஒன்றின் மேல் போட்டார் அவர்; நானோ நல்ல கடவுளின் மேல் போட்டேன். தப்பித்துக்கொண்டவன் இரு இடத்திலும் ஒருவனே. அந்த இதத்தை உதறிய பிறகே அகுஸ்தீனார் தம் பதினாறாம் வயதில் திருடிய பேரிக்காய்களைப் பற்றி அத்தனை வெளிப்படையாக எழுத முடிந்தது.

கடவுளே அனைத்தையும் இயக்குகிறார் என்றால் பாவச் செயலை இயக்குவதும் அவர்தாமே என்ற கேள்விக்குப் புனித தோமா அக்குவினார் ஓர் எளிய உவமையால் விடை தருகிறார். கால் கோணிய ஒருவர் நொண்டி நடக்கிறார். அந்த நடையில் உள்ள இயக்கம் உடலின் இயக்க ஆற்றலிலிருந்து வருகிறது. ஆனால் நொண்டல் அந்த ஆற்றலிலிருந்து வருவதன்று. காலின் கோணலிலிருந்து வருவது. அதுபோலத் தீய செயலில் செயல் என்று உள்ள அளவுக்கு அது கடவுளின் ஆற்றலைச் சார்ந்தது. அதிலுள்ள தீமையோ மனித உள்ளத்தின் கோணலிலிருந்து பிறப்பது.

இதைப் படித்தபோது எனக்கு என் மிதிவண்டி நினைவுக்கு வந்தது. கிளைக் கிராமங்களின் குண்டு குழிப் பாதையில் அதன் பின்சக்கரம் வளைந்துபோய், மிதிக்கும்போதெல்லாம் இடவலமாக ஆடும். "கோட்டம் விழுந்திருச்சு சாமி, எடுக்கணும்" என்பார் சைக்கிள் கடைக்காரர். மிதிப்பது நான், ஓடுவது என் கால் வலிமையால். ஆனால் அந்த ஆட்டம் என் காலிலிருந்து வரவில்லை. சக்கரத்தின் கோட்டத்திலிருந்து வருகிறது. கோட்டம் என்ற அந்தச் சொல் நம் பழந்தமிழில் மனத்தின் நேர்மையின்மையையும் குறிக்கும். அணுவும் அவரன்றி அசையாது என்பது உண்மையே. அந்த அசைவில் உள்ள கோட்டம் நம்முடையது.

இது தனியொரு மறைவல்லுநரின் கருத்து மட்டுமன்று. 529ஆம் ஆண்டில் கூடிய ஆரஞ்சு சங்கம், கடவுளின் வல்லமையால் சிலர் தீமைக்கென்றே முன்குறிக்கப்பட்டுள்ளனர் என்ற கருத்தை வெறுத்து ஒதுக்கியது. 1547ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஏற்புடைமை பற்றிய ஆணையில், பவுல் அடியாரின் அழைத்தலைப் போலவே யூதாசின் காட்டிக்கொடுத்தலும் கடவுளின் செயலே என்று கூறுவது கண்டிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஒழுக்கத் தீமைக்குக் கடவுள் நேரடியாகவோ மறைமுகமாகவோ எவ்வகையிலும் காரணர் அல்லர் எனத் தெளிவாகப் போதிக்கிறது. நூற்றாண்டுகள் கடந்தும் திருச்சபை விடாமல் சொல்லிவரும் ஒன்றைத்தான் அந்தத் தாயும், கடவுள் மேல் போடாதீர்கள் என்ற தம் சொற்களில் சொன்னார்.

அப்படியானால் கடவுள் தீமையை "அனுமதிக்கிறார்" என்று நாம் சொல்வதன் பொருள் என்ன? இங்கே ஒரு சொல் நம்மை இடறிவிழச் செய்கிறது. அனுமதி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அலுவலகம், முத்திரை, கையொப்பம். அதிகாரி அனுமதித்தார் என்றால் அவர் சம்மதித்தார் என்றே பொருள். கடவுள் பாவத்தை அனுமதிக்கிறார் என்பதில் அந்தச் சம்மதம் இல்லை. நம் சுதந்திரத்தைப் பறித்துக்கொள்ளாமல் விட்டுவைக்கிறார், அவ்வளவே. ஆண்டவர் கூறிய களைகளின் உவமையில் பணியாளர்கள் வியந்து கேட்கிறார்கள்: நல்ல விதைதானே விதைத்தீர், களைகள் எங்கிருந்து வந்தன? நிலத்தின் தலைவர், அது என் சித்தம் என்று சொல்லவில்லை. அது பகைவன் செய்த வேலை என்கிறார். களைகளை அறுவடைவரை விட்டுவைக்கிறார். ஆனால் அவற்றை ஒருபோதும் தம்முடையவை என்று சொல்வதில்லை. அந்தப் பகைவன் வந்த நேரத்தையும் உவமை குறிப்பிடுகிறது. ஆள்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எத்தனையோ முறை மறையுரையில் விளக்கிய உவமை. அந்தச் சிறு குறிப்பு என்னைப் பற்றியது என்பது எனக்கு வெகுநாள் தெரியாமலே போயிற்று.

பார்வோனின் உள்ளத்தைக் கடினப்படுத்தியவர் கடவுள் என்று விவிலியமே சொல்கிறதே என்று வாசகர் கேட்கலாம். விடுதலைப் பயண நூலைப் பொறுமையாக வாசித்தால் ஒன்று தெரியும். முதல் ஐந்து வாதைகளிலும் பார்வோனின் மனம் கடினப்பட்டது என்றோ, அவனே அதைக் கடினப்படுத்திக்கொண்டான் என்றோதான் சொல்லப்படுகிறது. ஆறாம் வாதையான கொப்புளங்களின்போதுதான், ஆண்டவர் அவன் மனத்தைக் கடினப்படுத்தியது நடந்த செயலாக முதன்முறை வருகிறது. ஒரே கதிரவன் மெழுகை உருக்கி மண்ணை இறுகச் செய்கிறது என்று ஒரிஜென் இதை விளக்கினார். எனக்கு இந்தப் பகுதி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணை முதல்முறை திருப்பி அனுப்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாம் முறை சிறிது நேரம் புரண்டு படுத்தேன். மூன்றாம் முறை நன்றாக உறங்கினேன். உள்ளம் கடினப்படுவது எப்படி என்பதை நான் எகிப்து வரை போய்க் கற்க வேண்டியதில்லை.

ஆனாலும் கடவுள் தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்க வல்லவர் அல்லவா? ஆம், இது நம் விசுவாசத்தின் தூண்களில் ஒன்று. இதற்கு நாம் எப்போதும் காட்டும் சான்று யோசேப்பின் வரலாறு. இருபது வெள்ளிக்காசுக்குச் சகோதரர்களால் விற்கப்பட்டவர், இறுதியில் அதே சகோதரர்களைப் பார்த்து, நீங்கள் எனக்குத் தீமை செய்ய எண்ணினீர்கள், கடவுளோ அதை நன்மையாக மாற்றினார் என்ற கருத்தில் பேசுகிறார். இந்த இறுதிப் பகுதியை நாம் விரும்பி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். குழியில் தள்ளப்பட்டவர் சொன்னார், தள்ளியவர்கள் சொல்லவில்லை.

தள்ளியவர்கள் சொன்னது வேறு. தொடக்க நூல் 42ஆம் அதிகாரத்தில், எகிப்தில் இக்கட்டில் மாட்டியபோது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: நம் சகோதரன் விஷயத்தில் நாம் குற்றவாளிகள், அவன் கெஞ்சியபோது அவனுடைய வேதனையைக் கண்டும் நாம் செவிசாய்க்கவில்லை. ஒரு செய்தியை இங்கே கவனியுங்கள். அவர்கள் அவரைக் குழியில் போட்டதைச் சொல்லும் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பு கெஞ்சியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் கெஞ்சினார் என்பதே சகோதரர்களின் இந்த ஒப்புதலால்தான் நமக்குத் தெரியவருகிறது. பாதிக்கப்பட்டவரின் அழுகுரல், குற்றவாளியின் பாவ அறிக்கை வழியாகத்தான் வேதநூலில் இடம்பெறுகிறது.

ஆக, யோசேப்பின் வரலாற்றில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. நாங்கள் குற்றவாளிகள் என்பது ஒன்று. கடவுள் அதை நன்மையாக மாற்றினார் என்பது மற்றொன்று. முதலாவது எழுந்த பிறகே இரண்டாவது வருகிறது. முதலாவதைச் சொல்ல வேண்டியவன் பாவி; இரண்டாவதைச் சொல்லும் உரிமை துன்புற்றவருக்கு மட்டுமே உண்டு. நான் அந்த அடக்கத் திருப்பலியில் செய்தது என்ன? சகோதரர்களின் இடத்தில் நின்றுகொண்டு யோசேப்பின் கூற்றைத் திருடிப் பேசினேன்.

பெந்தகோஸ்து நாளில் பேதுரு ஆற்றிய உரையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். கடவுளின் திட்டப்படியே இயேசு கையளிக்கப்பட்டார் என்றும், நீங்கள்தாம் அவரைக் கொன்றீர்கள் என்றும் ஒரே மூச்சில் அவர் சொல்கிறார். ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டவர்களும், கடவுள் திட்டம்தானே என்று ஆறுதல் அடைந்து வீடு திரும்பவில்லை. உள்ளம் குத்துண்டு, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். இறைத்திட்டத்தைச் சரியாக அறிவித்தால் எழ வேண்டியது அந்தக் கேள்விதான். என் மறையுரையைக் கேட்டு எழுந்ததோ, எல்லாம் கடவுள் சித்தம் என்ற ஒரு கொலையாளியின் குரல்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் ஒரு கேள்வி என்னுள் மிஞ்சியது. அந்தக் கையைக் கடவுள் ஏன் தடுக்கவில்லை? இறையருளும் மனித சுதந்திரமும் எப்படி இணைந்து செயல்படுகின்றன என்பது பற்றித் திருச்சபைக்குள்ளேயே பெரும் விவாதம் நடந்ததுண்டு. 1588ஆம் ஆண்டு இயேசு சபையைச் சேர்ந்த மொலினாவின் நூல் லிஸ்பனில் வெளியானது. சாமிநாதர் சபையின் பாஞெஸ் முதலியோர் அதை எதிர்த்தனர். திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் காலத்தில் உரோமையில் தொடங்கிய விசாரணை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. 1607ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்பு வழங்காமல், ஒருவரையொருவர் பழித்துரைக்க வேண்டாம் என்று பணித்து விவாதத்தை முடித்தார். இருதரப்புக் கருத்துகளும் கற்பிக்கப்படலாம் என்றாயிற்று. குருமடத்தில் இதைப் படித்தபோது, இத்தனை அறிஞர்கள் கூடியும் முடிவில்லையா என்று நாங்கள் சிரித்ததுண்டு. இன்று அந்த முடிவில் பெரும் ஞானம் இருப்பதாகக் காண்கிறேன். கடவுள் எப்படி ஆள்கிறார் என்பது மறைபொருள். பாவம் யாருடையது என்பது மறைபொருள் அன்று. நான் முன்னதன் மூடுபனியைப் பின்னதன் மேல் போர்த்தியிருந்தேன்.

"கடவுள் ஏன் தடுக்கவில்லை?" என்ற கேள்வியை நற்கருணைப் பேழைமுன் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். குரல் எதுவும் வந்ததில்லை. ஆனால் தோமா அக்குவினாரின் ஒரு கருத்து மெல்ல மெல்ல என்னுள் இறங்கியது. கடவுள் தம் பராமரிப்பைப் பெரும்பாலும் படைப்புகள் வழியாகவே நிறைவேற்றுகிறார்; அது அவருக்கு வலிமை போதாததால் அன்று, படைப்புகளுக்கும் காரணராய் இருக்கும் மாண்பை வழங்கும் நன்மைத்தனத்தால். இதை ஒருநாள் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். கடவுள் தடுக்கவில்லை என்று யார் சொன்னது? தடுப்பதற்காக அவர் வகுத்த வழி மூன்று முறை என் வாசலில் வந்து நின்றது, இடுப்பில் குழந்தையோடு. தடுக்கும் மாண்பை அவர் எனக்குத் தந்திருந்தார். நான்தான் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, அவருடைய பெயரைக் கதவில் எழுதி வைத்தேன்.

பொறுமையும் பொறுப்பும் நம் மொழியில் ஒரே வேரில் பிறந்தவை. பொறுமையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, எனக்குரிய பொறுப்பை நான் இறைவனிடம் தள்ளிவிட்டேன்.

அப்படியானால் கடவுளின் ஆட்சி எங்கே விளங்குகிறது? என் அனுபவத்தில் சொல்வதானால், பாவத்தை நியாயப்படுத்தும் இடத்தில் அன்று. பாவி தப்பித்துக்கொள்ள முடியாமல் நிற்கும் இடத்தில். ஒரு தாயை எழுந்து நிற்கச் செய்து என் மறையுரையைத் திருத்தினாரே, அங்கே அவர் ஆண்டார். கல்வாரியிலும் அப்படித்தான். சிலுவையில் அறைந்த கைகளின் பாவத்தைத் தந்தை செய்யவில்லை. அந்தப் பாவத்தின் நடுவில் மகன் நின்றார். அறைந்தவர்களின் பக்கம் அன்று, அறையப்பட்டவராக. எனவே அடிபட்ட பெண்ணின் அருகே ஆண்டவரைத் தேட வேண்டுமேயன்றி, அடித்த கைக்குப் பின்னால் தேடக்கூடாது. சிலுவையைச் சுமக்கச் சொல்லும் உரிமை சிலுவையில் தொங்குபவருக்கு உண்டு. பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பவர்களுக்கு வேறு பெயர்; அவர்களைக் கல்வாரிப் பாதையில் படைவீரர்கள் என்று அழைக்கிறோம்.

2024ஆம் ஆண்டு, நான் இப்போது பணியாற்றும் பங்கைத் தேடிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். இடுப்பிலிருந்த அந்தக் குழந்தைக்கு இருபத்தேழு வயது. பாட்டியின் உழைப்பில் படித்துச் செவிலியாகப் பணிபுரிகிறாள்.

"நீங்கதான் சாமி தாலி மந்திரிச்சு வைக்கணும்."

"ஏன் அம்மா, நானா?" என்றேன். குரல் எழவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று அவரிடம் சொன்னேன். கடவுள் சித்தம் என்ற சொல் அதில் இல்லை. உங்கள் மகள் கெஞ்சியபோது நான் செவிசாய்க்கவில்லை, மன்னியுங்கள் என்றேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நானும்தான சாமி அனுப்பி வச்சேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார்: "எம் மகளக் கடவுள் கொண்டுபோனாருன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பிள்ளைய வளத்த இத்தன வருசத்துல ஒருநாளும் அவரு எங்கள விட்டதில்ல. அது எனக்குத் தெரியும்."

அதுதான் யோசேப்பின் கூற்று. அது அவருக்கே உரியது, எனக்குரியதன்று. நான் கேட்டு அமைதியாக இருந்தேன்.

இப்போதெல்லாம் துக்க வீடுகளில் நான் அதிகம் பேசுவதில்லை. அழுபவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். சாவில் மனிதர் கை இருந்தால் அதைச் செபத்திலும் மறைப்பதில்லை. திருமணத் தயாரிப்புக்கு வரும் இணையர் அனைவரிடமும் 1153ஆம் சட்டத்தை விளக்குகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 181 என்ற உதவி எண்ணையும் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். வன்முறையிலிருந்து துணைவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிந்து வாழ்வது சில வேளைகளில் ஒழுக்கக் கடமையாகவே ஆகலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் தம் அன்பின் மகிழ்ச்சி மடலில் எழுதியதை அன்பியக் கூட்டங்களில் வாசிக்கிறோம்.

அந்தத் திருமணத்திற்குப் போனேன். தாலியை மந்திரித்து, மணமக்களை ஆசீர்வதித்து முடித்தபின், மறையுரையில் எழுதி வைத்திராத ஒன்றைச் சொன்னேன். மணமகன் நல்ல பையன். அவன் முகம் சுளிக்கவில்லை. "மகளே, உன் இல்லம் அன்பின் இல்லமாகட்டும். ஆனால் என்றைக்காவது உன்மேல் கை ஓங்கப்பட்டால், உன் பாட்டி வீட்டுக் கதவும் இந்தக் கோவில் கதவும் திறந்திருக்கும். புறப்பட்டு வா. வந்தால் பாவமில்லை."

அவளுடைய தாய் ஒரு தவக்கால மாலையில் என் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு நான் சொல்லத் தவறிய விடை அது.